ஆம்பிளிபயரும் செவியின் சாட்சியமும்

இல்லத்தில் அமர்ந்து இசை கேட்கும் வழக்கமுடையோர் இருவர் ஓரிடத்துக் கூடின், அவர்தம் உரையாடல் பெரும்பாலும் ஒரு வினாவிலே வந்து நிற்கக் காண்கிறோம். ஆம்பிளிபயரையோ, அதனைத் தன்னகத்தே கொண்ட ரிசீவரையோ மாற்றினால் ஓசையின் நயம் மாறுமா என்பதே அவ்வினா. மாறும் என்பார் ஒரு சாரார். விலை மிக்க கருவியில் வீணையின் மீட்டு தெளிவுறுகிறதென்றும், பாடுவோர் குரல் கனிந்து வருகிறதென்றும் அவர் உறுதி கூறுவர். மாறாது என்பார் மற்றொரு சாரார். எல்லா ஆம்பிளிபயரும் ஒன்றே என்றும், வேறுபாடு விலைச்சீட்டில் மட்டுமே உள்ளதென்றும் அவர் நகையாடுவர். இரு கட்சியாரும் கற்றோர். இரு கட்சியாரும் இசையில் தோய்ந்தோர். பொய் கூறுவோர் இருபுறத்தும் இலர். எனினும் இரு கூற்றும் ஒருங்கே மெய்யாதல் கூடாமையின், இதனைச் சற்று ஆராய்தல் நம் கடனாகும்.

இது செல்வர்தம் விளையாட்டைப் பற்றிய வீண் வழக்கு என ஒதுக்குதல் பொருந்தாது. கல்லூரியை விட்டு நீங்கி முதல் ஊதியம் பெறும் இளைஞன் ஒருவன், பல திங்கள் சேர்த்த பொருளைக் கொண்டு இசைக் கருவி வாங்கப் புகுகிறான். ஒரு பங்கு விலைக்கும் பத்துப் பங்கு விலைக்கும் ஆம்பிளிபயர்கள் கடையில் அருகருகே வைக்கப்பட்டுள்ளன. எதற்குப் பொருள் செலவிடுவது என்பதை அவன் யார் சொற்கேட்டுத் துணிவான்? இது பணத்தைப் பற்றிய கேள்வி. இதனினும் பெரிய கேள்வி ஒன்றும் இதனுள் அடங்கியுள்ளது. நம் செவி ஒன்றைக் கேட்டதென நாமே சாட்சி பகரும்போது, அச்சாட்சியத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதே அது. நன்கு செய்யப்பட்டதோர் ஆம்பிளிபயர் தன் ஆற்றலின் எல்லைக்குள் இயங்குங்கால், அதனை அதுபோன்ற மற்றொன்றினின்று செவியால் பிரித்தறிதல் இயலாது என்பதும், எல்லை கடந்தவிடத்து வேறுபாடு மெய்யாகவே தோன்றும் என்பதும் யாம் கொண்ட முடிபு. அம்முடிபிற்குரிய காரணங்களை இனி முறையே கூறுவோம்.

ஆம்பிளிபயரின் தொழிலை ஏடு பெயர்த்தெழுதுவோன் தொழிலோடு ஒப்பிடலாம். நுண்ணிய எழுத்தில் அமைந்த மூல ஏட்டைப் பார்த்து, அதனைப் பேரெழுத்தில் எழுதித் தருதல் அவன் கடமை. ஒரு சொல்லையும் கூட்டுதல் ஆகாது. ஒரு சொல்லையும் விடுதல் ஆகாது. அவ்வாறே, இசைத்தட்டிலிருந்தோ வானொலியிலிருந்தோ வரும் நலிந்த மின்னலையைப் பெற்று, அதன் வடிவம் சிதையாமல் அளவை மட்டும் பெருக்கி, ஸ்பீக்கரை இயக்கும் வலிமையுடையதாக அனுப்புவதே ஆம்பிளிபயரின் பணி. அழகு சேர்த்தல் அதன் பணியன்று. ஆதலின் சிறந்த ஆம்பிளிபயர் எது என்னும் கேள்விக்கு, மூலத்தை மாற்றாதது எதுவோ அது என்பதே விடையாகும்.

இப்பணி தொடக்கத்தில் எளிதாயிருக்கவில்லை. அமெரிக்கரான லீ டி பாரஸ்ட் 1906-ஆம் ஆண்டில் வால்வினுள் மூன்றாவது முனையைச் சேர்த்தமைத்ததிலிருந்து மின்னலையைப் பெருக்கும் வழி பிறந்தது. ஆயினும் அக்காலக் கருவிகள் பெருக்கும்போதே அலையின் வடிவைத் திரித்தும் விட்டன. நெடுந்தூரத் தொலைபேசிக் கம்பிகளில் இத்தகைய கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாக அமைக்க வேண்டியிருந்தமையால், ஒவ்வொன்றின் திரிபும் அடுத்ததோடு சேர்ந்து பெருகிற்று. பெல் ஆராய்ச்சிக் கூடத்துப் பொறியாளர் ஹெரால்டு பிளாக் என்பார் இதற்குத் தீர்வு தேடிப் பல ஆண்டு உழைத்தார். 1927-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2-ஆம் நாள் காலையில், ஹட்சன் ஆற்றைப் படகில் கடந்து அலுவலகம் செல்லுகையில், அவர்க்கு விடை தோன்றிற்று. கையிலிருந்த செய்தித்தாளின் பக்கத்திலேயே அதனை வரைந்து வைத்தார். வெளிவரும் அலையின் ஒரு பகுதியைத் திருப்பி, உள்வரும் அலையோடு எதிரிட்டு ஒப்பிட்டு, இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைக் கருவி தானே திருத்திக்கொள்ளுமாறு செய்வதே அவ்வழி. எழுதுவோன் தன் பிரதியை மூலத்தோடு ஒப்புநோக்கிப் பிழையை உடனுக்குடன் களைவது போன்றது இது. எதிர்ப் பின்னூட்டம் எனப்படும் இம்முறையே இன்றைய ஆம்பிளிபயர் ஏறக்குறைய எல்லாவற்றிற்கும் அடிப்படையாய் நிற்பது.

இம்முறையாலும், பின்வந்த டிரான்சிஸ்டர்களாலும், இன்று நடுத்தர விலைக் கருவியிலும் திரிபு பதினாயிரத்தில் ஒரு பங்கு அளவிற்குக் குறைந்துள்ளது. மனிதச் செவிக்கு எட்டும் 20 முதல் 20,000 வரையிலான அதிர்வெண்கள் யாவற்றையும் அது ஒரே சீராகப் பெருக்குகிறது. இதனோடு ஸ்பீக்கரை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். காகிதக் கூம்பொன்றை முன்னும் பின்னும் அசைத்துக் காற்றைத் தள்ளும் அக்கருவி, கனத்த தாழ்சுரங்களை உரத்து ஒலிக்குங்கால் நூற்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் திரிபுண்டாக்குவது இயல்பு. நூற்றில் ஒரு பங்கு பிழை செய்வோனை விடுத்து, பதினாயிரத்தில் ஒரு பங்கு பிழை செய்வோன்மேல் குற்றம் சாட்டுதல் முறையாகுமா?

இன்னுமொன்று நினைத்தற்குரியது. நாம் வீட்டில் கேட்கும் எந்தப் பாட்டும் நம்மிடம் வருமுன்னரே, ஒலிப்பதிவுக் கூடத்தில் மைக்ரபோனுக்குரிய ஆம்பிளிபயர் முதலாகப் பல பெருக்கும் நிலைகளைக் கடந்தே வந்துள்ளது. நம் இல்லத்துக் கருவி அவ்வரிசையில் இறுதியாக நிற்பது. முன்னின்றவை யாவும் நயத்தைக் கெடாது விட்டிருக்க, அவற்றையொத்த திருத்தமுடைய கடைசி ஒன்று மட்டும் இசையின் உயிரைப் பறித்துவிடும் என்றல் நம்பத்தக்கதன்று.

எனினும், மாறும் என்பாரின் கூற்று முழுதும் பொய் என்று தள்ளுதலும் நீதியன்று. வேறுபாடு மெய்யாகவே செவிப்படும் இடங்கள் சில உள. அவற்றை அறிந்தவனே கருவியைத் தக்கவாறு தேர்வான்.

முதலாவது, ஆற்றல் போதாமை. இல்லத்தில் இயல்பான அளவில் இசை கேட்கையில் ஸ்பீக்கருக்குச் செல்லும் சராசரி மின்னாற்றல் ஒரு வாட்டுக்கும் குறைவாயிருத்தல் உண்டு. ஆயினும் தவிலின் அடியும், பியானோவின் தட்டும் சராசரியினும் 20 டெசிபல் மேலெழக் கூடும். இருபது டெசிபல் என்பது நூறு மடங்கு ஆற்றல். ஆகவே சராசரி அரை வாட்டாயின், அக்கணத்தில் 50 வாட் தேவை. கருவிக்கு அவ்வளவு வலிமை இல்லையாயின் அலையின் முகடு வெட்டுண்ணும். ஏட்டின் அகலம் போதாதவிடத்து எழுத்தின் விளிம்பு அறுபடுவதைப் போல. அவ்வோசை கரகரத்தும் களைப்பூட்டியும் ஒலிப்பதை எவரும் உணர்வர். ஆனால் 50 வாட்டுக்கும் 60 வாட்டுக்கும் இடையே ஒரு டெசிபல் வேறுபாடும் இல்லை என்பதையும் மறத்தலாகாது. ஆற்றல் இருமடங்கானாற்றான் மூன்று டெசிபல் கூடும். செவிக்கு இருமடங்கு உரப்பாகத் தோன்றப் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும்.

இரண்டாவது, ஆம்பிளிபயரும் ஸ்பீக்கரும் பொருந்தாமை. எட்டு ஓம் எனக் குறிக்கப்பட்ட ஸ்பீக்கரின் மின்தடை எல்லாச் சுரங்களிலும் எட்டாக நிற்பதன்று. ஓரிடத்தில் 4 ஓமாக இறங்கி, மற்றோரிடத்தில் 20 ஓமாக ஏறுதல் இயல்பு. ஆம்பிளிபயரின் உள்தடை மிகச் சிறிதாயின் இதனால் தீங்கில்லை. ஆனால் பின்னூட்டம் குறைந்த சில வால்வுக் கருவிகளில் உள்தடை இரண்டு ஓம் வரையும் உண்டு. அப்போது 4 ஓம் உள்ள இடத்திற்கும் 20 ஓம் உள்ள இடத்திற்கும் இடையே இரண்டரை டெசிபலுக்கு மேற்பட்ட ஏற்றத்தாழ்வு உண்டாகும். இது செவிக்கு நன்கு தெரியும். வால்வுக் கருவியின் ஓசையில் தனிச்சுவை கண்டோர் பலர் கண்டது பெரும்பாலும் இதுவே. அதே ஸ்பீக்கரில், உள்தடை ஓர் ஓமில் இருபதில் ஒரு பங்கே உள்ள டிரான்சிஸ்டர்க் கருவியால் விளையும் ஏற்றத்தாழ்வு ஒரு டெசிபலில் பத்தில் ஒரு பங்கினும் குறைவு.

மூன்றாவது, கருவியின் குறைபாடு. 1960-களில் வந்த முதல் டிரான்சிஸ்டர்க் கருவிகளுள் பல, அலை நேர்ப்பாதியிலிருந்து எதிர்ப்பாதிக்குக் கடக்கும் இடத்தில் திரிபுண்டாக்கின. மெல்லிய இசையிலே அது உறுத்திற்று. டிரான்சிஸ்டரின் ஓசை கடுமையானது என்னும் பெயர் அக்காலத்தில் எழுந்தது நியாயமே. குறை நீங்கிய பின்னும் அப்பெயர் நீங்காமையே வியப்பு. இரைச்சல் மிகுந்த கருவியும் இவ்வகையிற் சேரும்.

இவை நீங்கலாக, நன்கு அமைந்த கருவிகளுக்குள்ளே நயவேறுபாடு உண்டா என்பதைப் பலர் பரிசோதித்துள்ளனர். இங்கிலாந்தில் குவாட் என்னும் பெயரால் ஆம்பிளிபயர் செய்துவந்த பீட்டர் வாக்கரின் நிறுவனம், தன் பழைய வால்வுக் கருவியையும் பின்வந்த டிரான்சிஸ்டர்க் கருவிகள் இரண்டனையும் ஜேம்ஸ் மாயர் என்னும் பொறியாளரிடம் ஒப்படைத்துச் சோதிக்கச் செய்தது. எது ஒலிக்கிறதென அறியாது கேட்டோர் மூன்றையும் பிரித்தறிய முடியவில்லை என்னும் முடிவு 1978-ஆம் ஆண்டு ஒயர்லஸ் வேர்ல்டு பத்திரிகையில் வெளிவந்தது. புதிய சரக்கை விற்க வேண்டியவரே, அது பழையதினும் செவிக்கு மேம்பட்டதன்று என்னும் முடிவை வெளியிட்டமை கருதத்தக்கது.

1987-ஆம் ஆண்டில் ஸ்டீரியோ ரிவ்யூ என்னும் அமெரிக்கப் பத்திரிகை, சுமார் 200 டாலர் விலையுள்ள ரிசீவர் முதல் 12,000 டாலர் விலையுள்ள வால்வுக் கருவி வரை வைத்து 25 பேரைக் கேட்கச் செய்தது. வேறுபாடு உண்டு என்பாரும் இல்லை என்பாரும் அக்கூட்டத்தில் இருந்தனர். முடிவோ, காசைச் சுண்டிப் பூவா தலையா என்று கூறுவதினும் மேம்படவில்லை.

1985-ஆம் ஆண்டில் நிகழ்ந்தது இவற்றினும் சுவையானது. பாப் கார்வர் என்னும் பொறியாளர், தமது எளிய விலைக் கருவியை மிக்க விலையுள்ள வேறொரு கருவியைப் போலவே ஒலிக்கச் செய்வேன் எனச் சூளுரைத்து, ஸ்டீரியோபைல் பத்திரிகையார் முன்னிலையில் சில நாளிலே அதனைத் திருத்தியமைத்தார். இரண்டின் வெளியலைகளையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, எஞ்சியதை மிகச் சிறிதாக்கியதே அவர் செய்த வேலை. எஞ்சியது மறையவே, கூரிய செவியுடைய விமரிசகர்களாலும் வேறுபாடு காண முடியவில்லை. அளந்தறிய இயலாத மந்திரம் ஒன்றும் விலையுயர்ந்த கருவியினுள் இல்லை என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

அங்ஙனமாயின் நேர்மையுடைய பலர் வேறுபாடு கேட்டதாகக் கூறுவது எங்ஙனம்? இதற்குக் காரணம் மூன்று. ஒன்று, ஒலியளவு. இரு கருவிகளுள் ஒன்று சிறிதளவே உரத்து ஒலிப்பினும், செவி அதனை உரப்பென்று உணராமல் தெளிவென்றும் இனிமையென்றும் உணர்கிறது. இரண்டையும் மின்னளவி கொண்டு சமப்படுத்தாமல் ஒப்பிடுவது, ஒருவனை மேடைமேல் நிறுத்திவிட்டு இருவரில் நெடியவன் யார் எனக் கேட்பதைப் போலும். இரண்டு, நினைவின் தளர்ச்சி. ஓசையின் நுட்பம் உள்ளத்தில் சில நொடியே நிற்பது. ஒரு கருவியைக் கழற்றி மற்றொன்றைப் பூட்டுமுன் அது கரைந்துவிடும். மூன்று, கண். வட அமெரிக்காவில் ஸ்பீக்கர் ஆராய்ச்சியில் பெயர்பெற்ற பிளாயிடு டூல், ஷான் ஆலிவ் என்னும் இருவர், 1994-ஆம் ஆண்டில் 40 பேரைக் கொண்டு ஸ்பீக்கர்களைக் கண்ணாற் கண்டும் காணாமலும் மதிப்பிடச் செய்தனர். கண்டபோது அளித்த மதிப்பு காணாதபோது மாறிற்று; தோற்றமும் பெயரும் மதிப்பை இழுத்தன. அவர்கள் பொய்யுரைத்தார் அல்லர். கண் கண்டதைச் செவி கேட்டதாக உள்ளம் கொண்டது, அவ்வளவே.

இச்சோதனைகளை மறுப்போர், திரையிட்டுச் சோதிக்கும்போது மனம் பதறுவதால் நுண்மை தெரிவதில்லை என்பர். இது செவிகொடுத்தற்குரிய மறுப்பே. ஆனால் அதே திரைக்கு முன் இருந்துகொண்டு, ஸ்பீக்கர் மாறினால் கேட்போர் எளிதில் கண்டுகொள்கின்றனர்; ஒலியளவு ஒரு டெசிபலில் சிறுபங்கு மாறினும் பயிற்சியுடையோர் உணர்கின்றனர். பதற்றம் ஆம்பிளிபயரின் வேறுபாட்டை மட்டும் தேர்ந்து மறைப்பதற்குக் காரணம் கூறுதல் அரிது. நெடுநாட் பழகினாலன்றித் தெரியாது என்போரும் உளர். நெடுநாட் பழகட்டும், திங்கள் கணக்கில் தம் வீட்டிலேயே கேட்கட்டும், எது எதுவென அறியாமல் கேட்கவேண்டும் என்பது ஒன்றே நாம் வேண்டுவது.

அப்படியாயின் நம் இளைஞன் தன் பொருளை எதில் செலவிடுவான்? முதலில் ஸ்பீக்கரில், அடுத்து அறையில். நம் நாட்டு வீடுகளின் சுண்ணமிட்ட சுவரும், ஓடு பதித்த தரையும் ஒலியைத் திரும்பத் திரும்ப எறிந்து சொற்களைக் குழப்புகின்றன. தரையில் ஒரு ஜமுக்காளமும், சன்னலில் கனத்த திரையும், சுவரோரம் நூல்கள் நிறைந்த அலமாரியும் செய்யும் நன்மையை எந்த ஆம்பிளிபயரும் செய்யாது. நான்கு மீட்டர் நீளமுள்ள அறை, 43 என்னும் அதிர்வெண்ணை ஒட்டிய தாழ்சுரங்களைச் சில இடத்தில் பெருக்கியும் சில இடத்தில் விழுங்கியும் விடுகிறது. நாற்காலியை இரண்டடி நகர்த்துவதால் வரும் மாற்றம், ஆம்பிளிபயரை மாற்றுவதால் வருவதினும் பெரிது. அதற்குச் செலவும் இல்லை.

ரிசீவரைப் பற்றித் தனியே ஒரு சொல். இக்காலத்து ரிசீவர் பலவற்றில் அறையின் ஓசையை மைக்ரபோனால் அளந்து திருத்தும் ஏற்பாடும், தாழ்சுரங்களைப் பிரித்துத் தனி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஏற்பாடும் உள. இவை ஓசையை மெய்யாகவே மாற்றும். பலவிடத்து நன்மையாகவும் மாற்றும். இவற்றிற்காக ரிசீவரைத் தேர்தல் அறிவுடைமை. ஆனால் ஒன்றில் இவ்வேற்பாட்டை இயக்கியும் மற்றொன்றில் நிறுத்தியும் கேட்டுவிட்டு, ஆம்பிளிபயரின் நயத்தைக் கண்டேன் என்பது பிழை. வாட் கணக்கையும் கூர்ந்து நோக்கவேண்டும். இரண்டு ஸ்பீக்கரை மட்டும் இயக்கி அளந்த எண், ஐந்தையும் ஒருங்கே இயக்கும்போது நில்லாது. விளம்பரக்காரர் வாட் கணக்கை மிகைப்படுத்தியதனாலன்றோ அமெரிக்க அரசாங்கம் 1974-ஆம் ஆண்டில் அதற்கென்றே விதி செய்ய நேர்ந்தது! நம் நாட்டிலும் சிறிய டேப் ரெக்கார்டர்களின்மேல் பி.எம்.பி.ஓ. என்னும் எழுத்துக்களோடு நூற்றுக்கணக்கான வாட் அச்சிட்டு விற்ற காலத்தை மூத்தோர் மறந்திரார்.

மாணவ நண்பர்களுக்கு இறுதியாக ஒன்று கூறுவோம். இவ்வழக்கில் எம் சொல்லையும் நம்பவேண்டுவதில்லை. நம் பௌதிக சாலையிலுள்ள மின்னளவியும், ஒரு மாற்றுச் சாவியும், ஒரு திரைச்சீலையும் போதும். இரு கருவிகளின் ஒலியளவையும் நூற்றில் ஒரு பங்குக்குள் சமப்படுத்துக. தோழன் ஒருவன் காசைச் சுண்டி, விழுந்தபடி ஒன்றை ஒலிக்கச் செய்க. அவன் முகக்குறிப்பும் தோன்றாதவாறு திரைக்கு அப்பால் இருக்கட்டும். பதினாறு முறை கேட்டு விடையை எழுதுக. 12 முறையேனும் சரியாயின், அது வெறும் தற்செயலாய் நேர்தல் நூற்றில் நான்கு தரத்திற்கும் குறைவே. அப்போது வேறுபாடு உண்டென்று தலைநிமிர்ந்து கூறலாம், நாமும் மகிழ்ந்து கேட்போம். எட்டோ ஒன்பதோ ஆயின், மிச்சமாகும் பொருளை நல்ல ஸ்பீக்கருக்கும், கச்சேரிச் சீட்டுக்கும் செலவிடலாம்.

செவியை இகழ்தல் எம் கருத்தன்று. இசை செவிக்கென்றே உள்ளது. ஆயினும் எந்தச் சாட்சியையும் குறுக்கு விசாரணை செய்தபின்னரே நீதிமன்றம் ஏற்கிறது. அதனால் நல்ல சாட்சிக்கு இழிவில்லை. தன் செவியையும் அவ்வாறு விசாரித்துப் பழகியவன், இசைக் கருவி வாங்குமிடத்து மட்டுமன்று, மருந்து வாங்குமிடத்தும் வதந்தி கேட்குமிடத்தும் ஏமாறான். கல்லூரியில் நாம் கற்கும் சாஸ்திரத்தின் பயன் அதுவே என்க.